அப்பா நடித்த ஜாம்பி படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் வாண்டுகள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மிச்சத்தைக் கீழே படித்துக்கொள். அப்பாவுக்குப் பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பக்கவாதத்தில் போன பேச்சு மட்டும் அப்படியேதான், வாயில் வருவது பாதி வார்த்தை பாதி காற்று, ஆனால் நாம் சொல்வது அத்தனையும் புரிகிறது, பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். எனக்கு இடுப்பு வலி. குளியலறையில் அவரைத் தூக்கி நிறுத்தும்போது பிடித்துக்கொண்டது, இன்னும் விட்டபாடில்லை. தைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், நானும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே அனுப்புகிறேன், எனக்கே என் வாய் அலுத்துப்போய்விட்டது.

போன தடவை போனில் நீ அந்த முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னாய், நர்ஸ் எப்போதும் இருப்பார்கள், தோட்டம் இருக்கிறது, அப்பாவை அங்கே விட்டால் உனக்கும் ஓய்வு என்று. நீ யோசிச்சு ஒரு முடிவு சொல்லும்மா, மத்ததை எல்லாம் நான் பாத்துக்கிறேன் என்றாய். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அன்றைக்குச் சொல்லாத அந்தப் பதிலுக்குத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு முன்னால் உன் தங்கை இந்த வீட்டில் அடித்த கூத்தைச் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் என் பதில் உனக்குப் புரியாது.

அவள் வாரம் முழுக்க ஸ்டுடியோவில் அடுத்தவர் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறாள், அது போதாதென்று லீவு நாளில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஜாம்பி படம் எடுக்கிறாள். பத்து நிமிஷம் ஓடுகிற குட்டிப் படங்கள். மேக்கப்புக்கு ஒரு சலூன்காரர், லைட்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியன், தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது, எல்லாம் கைக்காசு. ஜாம்பி என்றால் என்னடி என்று கேட்டேன். செத்தும் படுக்காமல் நடந்துகொண்டே இருக்கிறவர்களாம், தூக்கம் கிடையாதாம், கண்ணுக்குக் கீழே கருப்பாம், எதைக் கேட்டாலும் ம் என்று மட்டும் சொல்வார்களாம். அப்படியானால் என்னையே நடிக்கவை, மேக்கப்பாவது மிச்சமாகும் என்றேன். ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள், நூலகத்து மாடி ஹாலில் பிற்பகலில் குழந்தைகளுக்கு ஒன்று, சாயங்காலம் பெரியவர்களுக்கு ஒன்று. குழந்தைகள் படத்தில் ரத்தம் கிடையாது, ஜாம்பி பச்சை ஜெல்லி தின்னும், கடைசியில் யாராவது அதற்கு ஒரு போர்வை கொடுப்பார்கள். பெரியவர்கள் படத்தில் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்து வாரி இறைக்கிறார்கள், என் நல்ல துண்டுகள் எல்லாம் அதில் போயின. சட்டையைக் கிழித்துக் கொடும்மா என்கிறாள். காலம் பூராவும் கிழிந்ததைத் தைத்தவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது. ஆனாலும் கிழித்துக் கொடுத்தேன், தையல் ஓரமாகக் கிழித்தால் மறுபடி தைத்துவிடலாம் என்று.

இந்தத் தடவை கதை ஒரு பஸ் டிரைவர் கதை. கடைசி டிரிப்பில் அவர் ஜாம்பி ஆகிவிடுகிறார், எல்லாம் மறந்துபோகிறது, வீட்டுக்கு வருகிற வழி மட்டும் மறக்கவில்லை. யாரை மனதில் வைத்து எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. நடிக்க ஒரு டான்ஸ் மாஸ்டரைக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை நம் ஹாலில் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான், அழகாகத்தான் இருந்தது, அதுதான் கோளாறு. அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானே எழுந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இடது காலை இழுக்கிற தன் நடையில் நடந்து, திரும்பி அந்த மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இப்படி நடக்க வேண்டும் என்கிற மாதிரி. உன் தங்கை முகம் வெளுத்துப்போனது. அப்பாதான் முதலில் சிரித்தார், அந்தப் பாதி வாயால். அதோடு அந்த டிரைவர் வேஷம் அவருக்கே போனது. உடம்பு முடியாமல் போனதிலிருந்து நாலு பேர் பார்ப்பார்கள் என்று வராந்தாவுக்குக்கூட வராத மனுஷன், முகம் நிறையப் பச்சைச் சாயத்தோடு மாடிப்படியில் நின்றார். குப்பை கொட்ட வந்த கீழ்வீட்டுக்காரர் அவரைப் பார்த்துப் பையைப் போட்டுவிட்டு ஓடினார், அன்றைக்குப் பூராவும் அப்பாவுக்கு அதுதான் சந்தோஷம்.

மனைவியாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று என்னை நிறுத்திவிட்டாள். எனக்கு வசனம் கிடையாது. அவர் வந்து கதவைத் தட்டுவார், நான் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நிற்க வேண்டும், திறக்கக் கூடாது, அவ்வளவுதான் என் நடிப்பு. அது நடந்தால்தானே. அப்பா தட்டுவது எப்படி என்று உனக்குத் தெரியும். அவர் பஸ் ஓட்டிய காலத்தில் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம், அந்தப் பழக்கத்தில் வேலை விட்டு வந்தாலும் நம் வீட்டுக் கதவில் இரண்டு தட்டுதான். இப்போது பேச்சு போன பிறகு எல்லாமே அதுதான், கஞ்சி வேண்டுமா, விளக்கை அணைக்கட்டுமா, எதைக் கேட்டாலும் வலது கையால் நாற்காலிக் கைப்பிடியில் சரி என்றால் இரண்டு, வேண்டாம் என்றால் ஒன்று. அன்றைக்கும் வெளியே இரண்டு தட்டு கேட்டது, என் கை தானாகப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டது. அம்மா, திறக்கக் கூடாதும்மா என்று உன் தங்கை கத்துகிறாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி திறந்தேன். கல்யாணமான நாளிலிருந்து திறந்த கை, ஒரே நாளில் என் பேச்சைக் கேட்குமா. எலக்ட்ரீஷியன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கடைசியில், சரி, திறந்ததை எல்லாம் குழந்தைகள் படத்துக்கு வச்சுக்கலாம், பெரியவங்களுக்காக ஒரே ஒரு தடவை மூடியே நில்லும்மா என்று கெஞ்சினாள்.

நின்றேன். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கதவில் சாய்ந்தேன். இரண்டு தட்டு கேட்டது. அசையவில்லை. மறுபடி இரண்டு. அப்போதும் அசையவில்லை. பிறகு வெளியே ஒன்றும் இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் மட்டும். தூக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். இப்படியே ஒரு நாள் முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்று மனசு போனது. அப்போது ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. அது கதையில் கிடையாது, யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பிரமாதம்ப்பா என்று உன் தங்கை துள்ளினாள். நான் கதவைத் திறந்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார், என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. எண்ணெய் தொட்டு அந்தப் பச்சையைத் துடைத்துவிடுகிறபோதும் காதையும் கழுத்தையும் பார்த்துத்தான் துடைத்தேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ அந்த இல்லத்தைப் பற்றிப் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் தைத்துக்கொண்டே பேசுகிறவள். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் வைத்திருந்தார். அத்தனையும் கேட்டிருக்கிறார். அப்படியானால் அந்த ஒரு தட்டில் எதை நிறுத்தச் சொன்னார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், படத்தையா, என்னையா, நம் இரண்டு பேர் பேச்சையா.

படம் போட்ட அன்று பிற்பகலில் ஹால் முழுக்க வாண்டுகள். திரையில் நான் கதவைத் திறந்ததும் அப்படி ஒரு கைதட்டல். வாசலில் ஒரு குட்டிப் பெண் அப்பாவின் இடது கையைத் தொட்டுப் பார்த்து, சூடாத்தான் இருக்கு, இவர் ஜாம்பி இல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் பெரியவர்கள் படத்துக்குக் கைதட்டல் இல்லை. யாரும் சட்டென்று எழுந்திருக்கவும் இல்லை. இரண்டையும் உன் தங்கை உனக்கு அனுப்புவாள். குழந்தைகள் படத்தை நம் வாண்டுகளுக்குக் காட்டு, தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கட்டும். மற்றதை நீ தனியாக உட்கார்ந்து பார். போனில் அப்பா முகம் வந்தவுடன் சிக்னல் சரியில்லை என்று கேமராவை அணைத்துவிடுகிறாயே, இதில் அந்தச் சாக்கு செல்லாது. கோபமாகச் சொல்லவில்லை கண்ணா, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. எனக்கும் கஷ்டம்தான், எனக்கு அணைக்க பட்டன் இல்லை.

இனி என் பதில். என்னால் முடியவில்லை என்பது உண்மை. அவரை அனுப்ப மனசு வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் கஞ்சிக்கும் விளக்குக்கும் அவரைக் கேட்கிற நாம், இதை மட்டும் அவரிடம் கேட்கவே இல்லை. நீ என்னைக் கேட்டாய், நான் உன் தங்கையைக் கேட்டேன், அவள் அண்ணனைக் கேள் என்றாள். அதனால் நீ லீவு போட்டுக்கொண்டு வா. போனில் கேட்காதே. அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அந்த இல்லத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லி, போகலாமா அப்பா என்று நீயே கேள். நான் பக்கத்தில் இருப்பேன். அவர் கை இரண்டு தட்டினாலும் ஒன்று தட்டினாலும் அதன்படி நடப்போம், ஒன்று என்றால் நீ என் இடுப்புக்கு வழி சொல், இரண்டு என்றால் என் அழுகைக்கு வழி சொல். எது விழ வேண்டும் என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

மருமகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், வாண்டுகள் இரண்டும் நன்றாக இருக்கட்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, எல்லோருக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மறக்காதே, நம் வீட்டு அழைப்பு மணி கெட்டுப்போய்விட்டது, சரிசெய்ய ஆள் வரவில்லை. வந்தால் கதவைத் தட்டு, எத்தனை என்று உனக்குத் தெரியும். திறந்துவிடுவேன்.

இப்படிக்கு
கை சும்மா இருக்காத
உன் அம்மா