நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

என் அன்பு மனைவி இஹ்லாஸுக்கு சலாம். நீயும் அம்மாவும் நலம்தானே? இங்கே ஓமானில், நிஸ்வாவில் நான் நலம்.

தண்ணீர் ஏற்றச் சொந்தமாகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிட்டேன். முதலில் கடையில் பளபளப்பான வண்டி பார்த்தேன். ஆறிய இஞ்சின் கிளம்பத் திணறுவது தெரியாதிருக்க, நான் வருமுன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். விலகிவிட்டேன்.

அடுத்தது, கணவரை இழந்த ஸுவைனா அம்மாவின் வண்டி. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியது.

“இஞ்சின் ஆறிக் கிடக்கு, தொட்டுப் பாருப்பா. மூணாவது கியர் முரண்டு பண்ணும். ஹார்ன் அடிக்காது. மலையில ஏத்திப் பாத்துட்டு அப்புறம் வாங்கு” என்றார்.

சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மலையேறியும் சூடாகவில்லை. இறங்கும்போது குறுக்கே வந்த ஆடுகளை நானே கத்தி விரட்டினேன். பயப்படாதே, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. குறையை முதலில் சொன்ன அவருக்காக துஆ செய்.

ஒட்டகப் பண்ணையில் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள், கிளம்புகிறேன். இருக்கை உறை ஒன்று தைத்து அனுப்பு. எனக்கல்ல, காலியாகவே வரும் பக்கத்து இருக்கைக்கு.

உன் பக்கீத்