இடைவேளைக்கு முந்திய ஆள்

லாலாகுடா
9 மே 2025

அன்புள்ள சந்தானத்துக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமகள் லலிதா எழுதுகிறாள். உனக்குக் காது போன பிறகு போன் போட்டு என்ன பிரயோஜனம்.

இந்தியா முதல் தடவை கிரிக்கெட் உலகக் கோப்பை வாங்கிய வருஷம், தண்டபாணிக்கு இரட்டைப் பெண் பிறந்த வருஷம். நீ, நான், தண்டபாணி, சலீம், ஒர்க்‌ஷாப் சிநேகிதர் நாலு பேரும் மல்லாபூரில் ஆளுக்கொரு மனை வாங்கியது அப்போதுதான். சனிக்கிழமை ஷிப்டு முடிந்து சினிமாவுக்கு ஓடினால் இடைவேளை ஆகியிருக்கும். வாசற்காரர் பாதிக் காசுக்கு உள்ளே விடுவார். அப்படிப் பார்த்த ஒரு படத்தில் நிலத்தை விற்க மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்து ஜெயித்தான். வெளியே வந்து சாயா குடித்துக்கொண்டே நாமும் நிலம் வாங்குவது என்று முடிவு செய்தோம். முதல் பாதியில் என்ன நடந்ததோ, யாருக்குத் தெரியும். என் மனையில் இன்று மூன்று போர்ஷன், வாடகை வருகிறது, குறையில்லை.

உன் மனையை விற்கப் போவதாக உன் மகள் மைதிலி லலிதாவிடம் சொன்னாளாம். ஏன்?

தேவராஜ்


குகட்பள்ளி
16 மே 2025

அன்புள்ள தேவராஜ்,

மைதிலிக்கு வாய் நீளம்.

எதிர் பிளாக்கில் முரளி என்று ஒரு பிள்ளை. தங்கமான குணம். என் வீட்டுக்காரி மங்களத்துக்கு முட்டிவலி என்றதும் தைலம் வாங்கி வந்தான். வீட்டில் எல்லாரும் கத்திக் கத்தி அலுத்துவிட்டார்கள். அவன் மட்டும் எனக்காக ஒரு சிலேட்டு வாங்கி, பேசுவதையெல்லாம் எழுதிக் காட்டுகிறான். அவன் கம்பெனியில் பணம் போட்டால் ஒரே வருஷத்தில் இரட்டிப்பு. சினிமாவில் ஒரே பாட்டில் ஒருவன் கைவண்டியிலிருந்து லாரிக்குப் போகிறானே, நான் மட்டும் போகக்கூடாதா? அடுத்த மாதம் மனையை விற்று அதில் போடுகிறேன். நீ படிக்காதவன், உனக்கு இது புரியாது.

மங்களம் விசாரித்தாள்.

சந்தானம்


லாலாகுடா
21 மே 2025

அன்புள்ள சந்தானத்துக்கு,

நான் படிக்காதவன் என்று நீ எழுதிய வரியை வாசிக்க லலிதா தயங்கினாள். வாசிம்மா, அவன் ரொம்ப நாளாகப் பாடுகிற பாட்டுதான் என்றேன்.

நீ சொன்ன சினிமாப் பாட்டில் லாரி பெருகியதை நீ பார்த்தாய். பல்லவியில் கறுப்பாக இருந்தவனுக்குக் கடைசிச் சரணத்தில் காதோரம் நரைத்திருக்குமே, அதைப் பார்த்தாயா? இருபது வருஷத்தை டைரக்டர் அப்படித்தான் காட்டுகிறார்.

இப்போது டிவியில் படங்களை முதலிலிருந்து பார்க்கிறேன். ஏமாற்றுகிறவனுக்கு வேலையெல்லாம் இடைவேளைக்கு முன்னால்தானாம். முரடனாக வருவதில்லை. மருந்து வாங்கி வருகிறான், அம்மா என்று கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போகிறான். நாம் உள்ளே போகும்போது அவன் ஓடியிருப்பான். வீட்டில் அழுகை மட்டும் இருக்கும். அவன் முகமே நமக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

முரளி நல்லவனாகவும் இருக்கலாம். மனை விற்க இரண்டு வருஷம் ஆகும் என்று சொல்லிப் பார். நல்லவன் என்றால் தைலம் நிற்காது.

தேவராஜ்


குகட்பள்ளி
14 ஜூன் 2025

அன்புள்ள தேவராஜ்,

சொன்னேன். “ஐயா, இந்த மாசம் விட்டா ஆஃபர் போயிரும்” என்று சிலேட்டில் எழுதினான். “அப்போ நக்கோ பாபு, வேண்டாம்” என்றேன். சிலேட்டை வைத்துவிட்டுப் போனவன்தான். என்னைக் கண்டால் லிப்டை விட்டுப் படியில் இறங்குகிறான். தைலமும் தீர்ந்துவிட்டது. மங்களம் அதே சிலேட்டில் என்னைத் திட்டப் பழகிவிட்டாள்; கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

மனை இருக்கிறது. உன் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. தானாகப் போகும்.

சந்தானம்


லாலாகுடா
18 ஜூன் 2025

அன்புள்ள சந்தானத்துக்கு,

கோபத்தோடேயே சனிக்கிழமை வா. மைதிலியைக் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் வந்து மெட்டுகுடா ஸ்டேஷனில் இறங்கு. லலிதா டிக்கெட் எடுத்துவிட்டாள், பெயர் போடுவதிலிருந்து பார்ப்போம். திரையில் எழுத்து வந்தால் நீ படித்துச் சொல். பேச்சு வந்தால் நான் கையைக் காலை ஆட்டிப் புரியவைக்கிறேன்.

தேவராஜ்

பின்குறிப்பு: காசை ஒரே இடத்தில் போடாதே, நாலு இடத்தில் பிரித்துப் போடு என்று லலிதா சொல்கிறாள். காசை அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிநேகத்தையும் அப்படித்தான் போட்டு வைத்தேன். தண்டபாணி போன தை மாதம் போய்ச் சேர்ந்தான். சலீம் இந்த ரம்ஜானுக்கு முந்தின வாரம். இருக்கிறவன் இனி ஒரே ஒருத்தன், சந்தானம்.