உன் காட்டை வாங்கியவன் எழுதுவது

மச்சான்,

இன்று காலையில் கிளுவை வேலியைக் கழித்தேன். வருஷா வருஷம் என் பக்கத்தை நானும் உன் பக்கத்தை நீயும் கழிப்போம். நான் அரிவாள் எடுத்த அன்றைக்கே நீயும் எடுப்பாய், எவன் வேலி நேராக இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட. இந்தத் தடவை என் பக்கத்தை முடித்துவிட்டு, வேலிச் சந்து வழியாக நுழைந்துபோய், நீ போனதிலிருந்து கழிக்காமல் கிடந்த உன் பக்கத்தையும் நானே கழித்தேன். வெட்டின கொம்பில் பிசின் கசிந்து, பச்சை மாங்காயை அரிந்தது போல ஒரு வாசம். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதாமல் இன்றைக்கு வேறு வேலை ஓடாது.

நீ போய் இரண்டு வருஷம். நீ உழுத காடு என் பேருக்கு வந்து ஒரு வருஷம். ஊரே வேண்டாம் என்று சொன்னதை வாங்கினேன். இன்னொரு தடவை விலைக்கு வந்தாலும் வாங்குவேன்.

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்து சென்ட் தோட்டம் உனக்குத் தெரியாததா? அதில் நான் விளைய வைத்த பூசணியைத் தூக்க நாலு ஆள் வேண்டும். பாகற்காய் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மல்லசமுத்திரம் சந்தையில் என் கத்திரிக்காய்க் கூடை இறங்கினால் மற்ற கடைக்காரர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நீ மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாப்ளே, நீ சொல்றதுல பாதியக் கழிச்சாலும் மீதிப் பாதியும் பொய்தான்" என்பாய். இவ்வளவு திறமைக்குப் பத்து சென்ட் எப்படிப் போதும்? ஒட்டினாற்போல முப்பது சென்ட் மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு, நீ நிலக்கடலை போட்டு மயிலுக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தாய். பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் வந்து கேட்டேன்.

"காட்டக் குடுக்கறியா மச்சான்?"

"என்னைய அதுலயே பொதச்சப்பறம் வந்து கேளு."

"அதுக்கு எத்தன வருசம் ஆகும்?"

"உன்ற வாயக் கேட்டுக்கிட்டு இருந்தா சீக்கிரமே ஆயிரும், போ."

ஒரு வருஷம் என் பூசணிக்கொடி வேலி தாண்டிப்போய் உன் பக்கம் காய்த்தது. நீ அறுத்துக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, காம்பை மட்டும் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாய். "கொடி உன்றது, மண்ணு என்றது. காம்பு உனக்கு, காய் எனக்கு." பஞ்சாயத்து பேச அறுபது பேரைக் கூட்டினேன். சரி, ஆறு பேர். அந்த ஆறு பேரும் சிரித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் உன்னோடு பேசவில்லை.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் என் போர் வற்றியது. போர் போடுகிற ரிக் லாரியில் போய் பாதி இந்தியாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான். என் வீட்டுப் போரில் வெறும் காற்று வந்தது. செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. வேலிக்கு அடியில் உன் வீட்டுக் கிணற்றிலிருந்து இழுத்த கறுப்பு ஓஸ் பைப் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

"என்ன மச்சான் இது?"

"எலி வளைக்குத் தண்ணி உட்டேன். உன் பக்கம் வந்துருச்சாட்டிருக்குது."

மழை இறங்கும்வரை தினமும் எலி வளைக்குத் தண்ணீர் விட்டாய். ஒரே வளைக்கு இத்தனை நாளா என்று கேட்டதற்கு, "பெரிய எலி மாப்ளே" என்றாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அந்தக் காட்டில்தான். நம் பக்கத்து வழக்கப்படி உன்னை உன் காட்டிலேயே, கிழக்கு மூலையில் வைத்தோம். குழிக்கு அளவு காட்டினவன் நான். உன் மகன் மேலே பலகைக் கல் பதித்து சிமெண்ட் பூசினான். அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. காட்டை வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"மாமா, சைட் போடறவங்க கேக்கறாங்க. உங்களுக்கு வேணும்னா உங்களுக்கே குடுத்தர்றேனுங்க. சமாதி இருந்தா ஆரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. அத எடுத்துட்டுச் சுத்தமாத் தர்றேன்."

"எடுத்து எங்க சாமி கொண்டோயி வெப்பே?"

"மேல இருக்கற கல்லத்தானுங்க மாமா எடுக்கறது. கீழ இருக்கறது..."

"கீழ இருக்கறது உங்கப்பன். அவன் மேல நான் வெண்டைக்காய் போடோணுமா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னேன்: "கல்லோட குடுத்தாக் குடு. இல்லீன்னா எனக்கும் வேண்டாம்."

ரிக் லாரியில் இருந்த என் பங்கை விற்றேன். பத்திரம் எழுதுகிறவரின் கடைக்குப் போனோம். நான் எட்டாவதை மூன்று தடவை படித்தவன். வருஷக் கணக்குப் பார்த்தால் பத்தாவது முடித்தவன். அங்கே யாரும் பத்திரத்தைப் படிப்பதில்லை, கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் தேடுகிறார்கள். நான் எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, ஜட்ஜ் மாதிரி ஒவ்வொரு வரியாகப் போனேன். வெளியே ஐம்பது பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது தாளில் மாட்டியது: 'சமாதி, கட்டடம் ஏதுமில்லாத காலி நிலம்.'

"அண்ணா, எல்லாருக்கும் இப்பிடித்தானுங்க எழுதறது" என்றார் அவர். "சமாதின்னு எழுதுனா பின்னால விக்க முடியாதுங்க. பேங்க்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"பாக்க வேண்டாம். இருக்கறத எழுதுங்க."

நான் சொல்லி எழுத வைத்தது இதுதான்: கிழக்கு மூலையில் உன் சமாதி இருக்கிறது; அதை நானோ எனக்குப் பின்னால் வருகிறவர்களோ எடுக்கக்கூடாது; உன் பிள்ளைகள் வந்து போக மூன்றடித் தடம் உண்டு. உன் பேரை இனிஷியலோடு போடச் சொன்னேன். தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் அடித்தார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கின உன் மகன், ஜெராக்ஸ் மிஷினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் கூத்து. என் போரிலிருந்து ஓஸ் இழுத்து முதல் போகம் வெண்டை போட்டேன். உன் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி ஆரம்பித்து வேலிவரை வெண்டை. அப்படியொரு காய்ப்பு சேலம் ஜில்லாவில் எவனும் கண்டதில்லை. தெருவுக்கே அள்ளிக்கொண்டு போய் நீட்டினேன். "வேண்டாமுங்க, ஊட்ல இருக்குதுங்க" என்று வாசலோடு கதவைச் சாத்தினார்கள். டீக்கடையில் ஒருவன் கேட்டேவிட்டான்: "சமாதி வெண்டைக்காயத் தெரிஞ்சே ஆருங்க திம்பாங்க?" கூடையை அங்கேயே இறக்கி, அவன் கண் முன்னால் நாற்பது காயைப் பச்சையாகத் தின்றேன். நாற்பதில் எத்தனையைக் கழிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், ஆனால் தின்றேன். சமாதியைச் சுற்றியாவது ஒரு சுவர் எழுப்பு என்றான் இன்னொருவன். "உன்ற பக்கத்து ஊட்டுக்காரன் செத்தா நீ எழுப்பிக்க" என்றேன். என் மகனும் போனில், "உங்களுக்கப்பறம் அத ஆருப்பா பாப்பாங்க?" என்கிறான். பத்திரத்தில் எழுதியிருக்கிறது. என்னைவிட அதிகமாகத்தானே அவனைப் படிக்க வைத்திருக்கிறேன், படித்துக்கொள்ளட்டும்.

ஊரை விடு, வீட்டிலேயே தோற்றேன். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சுங்களா? அந்த மண்ணுல காய்ச்சத என்ற அடுப்புல ஏத்த மாட்டேன்" என்று உன் தங்கச்சி முறைக்காரி ஒரே பிடி. சரி என்று உன் மூலைக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை வைத்து, நானே ஆக்கி, நானே தின்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதுதான். குழம்பு பிரமாதம் என்று வீட்டில் போய்ச் சொல்லுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். வேலிச் சந்தில் கொலுசுச் சத்தம். உப்பு டப்பாவோடு நிற்கிறாள். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

"உப்பு எடுக்காமப் போயிட்டீங்களேன்னு வந்தேன்."

கிட்டே வந்து சட்டிக்குள் பார்த்தாள். முகம் சுளித்தாள். அப்புறம் உன் கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ஏனுங்ணா, இவரு ஆக்கறதத் திங்காம நீங்களாச்சும் தப்பிச்சீங்க" என்றாள். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். போகும்போது ராத்திரிப் பொரியலுக்கு மடி நிறையக் காய் பறித்துக்கொண்டு போனாள்.

ஆக, ஜெயித்துவிட்டேன். பட்டா என் பேரில், வரி ரசீது என் பேரில். ஆனாலும் மச்சான், காலையில் மண்வெட்டியோடு அந்தச் சந்தில் நுழைந்தால், "ஆர்றா அது எங்காட்டுக்குள்ள?" என்று உன் குரல் இன்னமும் கேட்கிறது. வேறு எவன் கேட்டிருந்தாலும் பட்டாவை எடுத்து மூஞ்சியில் காட்டியிருப்பேன். உனக்கு மட்டும் நின்று, மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

"நாந்தான் மச்சான். தண்ணி கட்ட வந்தேன்."