மதகு திறந்த நாளின் ஓலையும் பாட்டும்

அவையில் இருந்தோர்: வெண்கரை நாடாளும் அரசி வானவன்செல்வியார், பேரமைச்சர் பெருஞ்சாத்தனார், நீர்நிலைக் காவலர் ஏறனார், பாடினி பூங்கணி, இவ்வோலையை எழுதும் ஓலைநாயகன் நல்வெண்ணன்.

கீழ்த்துறை காக்கும் தலைவர் வேட்டங்காரியாருக்கு: உம் துறை கலங்களால் நிறைக, உம் மனை விளக்கு மங்காதிருக்க, அரசியார் ஆணை காண்க.

பூங்கணி பாடினால் சந்தையே திரள்கிறது என்றும், கோட்டை வாயிலில் தொங்கும் அறிவிப்பு ஓலையை ஈகூட நின்று பார்ப்பதில்லை என்றும், ஆகையால் அறிவிப்புகள் எழுதும் ஓலைக்கூடத்தை மூடிவிடலாம் என்றும் நீர் விண்ணப்பித்தீர். கூடம் மூடினால் ஓலைநாயகனுக்குப் போக்கிடமில்லை. அவையில் நிகழ்ந்ததில் ஒன்றும் விடாது எழுதுக என்று அரசியார் பணித்தமையால், தனக்குக் கசந்ததையும் அவனே எழுதுகிறான்.

கருவாற்று மதகு பற்றி அவன் எழுதியனுப்பியது இவ்வளவே: விடியலில் மதகு திறக்கும், ஆற்றில் இறங்காதீர், ஆடுமாடுகளைக் கரையேற்றுக. பூங்கணி அதை வாங்கி, ஆற்றைப் புக்ககம் வரும் மணமகளாக்கிப் பாடினாள். கேட்டு உருகிய உம் ஊரார், மஞ்சளும் பூவுமாக மணமகளை எதிர்கொள்ள ஆற்று மணலிலேயே இறங்கி நின்றனர். கோட்டை வாயிலில் அந்த ஓலையைப் படித்திருந்த சுங்கக் காவலன், "பொண்ணு அழைக்கவா வந்தீங்க? தண்ணி வருதய்யா, ஏறுங்க மேலே!" என்று கம்பெடுத்து விரட்டியிராவிடில், உம் ஊரில் அன்று ஒப்பாரிதான் கேட்டிருக்கும்.

இதையே ஓலைநாயகன் அவையில் அரைப்பகல் எடுத்துரைத்தான். பேரமைச்சர் கொட்டாவி விட்டார். பிறகு பூங்கணி எழுந்தாள்.

"தாயே, நான் ஆளைச் சேர்ப்பேன், இவர் ஓலைதான் ஆளைக் காப்பாத்தும். என் பாட்டு ஊருக்கு ஊர் மாறும். 'யாருடி சொன்னது?'ன்னு கேட்டா, கைகாட்ட எனக்கு அந்த ஓலை வேணும்" என்றாள்.

அவை ஆர்ப்பரித்தது. ஏறனார் தம் கணையாழியைக் கழற்றி அவளுக்கு அளித்தார். ஓலைநாயகன் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். கூடம் பிழைத்தது, புகழ் அவளுக்குப் போயிற்று. ஓலைநாயகனுக்கு வயிறு எரிந்தது. அவள் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தபோது அவன் எழுத்தாணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆதலால் ஆணையாவது: ஓலைக்கூடம் நிலைக்கும். அரசின் செய்தி முதலில் ஓலையில் எழுதப்படுக. பாடுவோரும் பறையறைவோரும் அதிலிருந்தே எடுக்க. பாடி முடித்ததும் ஓலையை உள்ளது உள்ளபடி வாசிக்க. செய்தி முன்னரே கசியாதிருக்க, வெளியிடும் வேளை வரும்வரை எழுதுவோனைக் கூடத்தில் வைத்துப் பூட்டும் மரபும் தொடர்க. இனிப் பூங்கணியும் உடனிருந்து, எழுதும்போதே செய்தியை அறிக. நாட்டில் எதையும் முதலில் அறிபவன் தான் ஒருவனே என்பதைத் தவிர ஓலைநாயகனிடம் வேறு பெருமை இருந்ததில்லை. அதுவும் இவ்வரியோடு போயிற்று.

உம் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நாரை முத்திரை பதித்த இவ்வோலையை எழுந்து நின்று வாங்கி, வாயிலில் தொங்கவிடுக.

இது எழுதி முடியுமுன் பூங்கணி கூடத்துக்குள் வந்தாள். "ஓலைநாயகரே, நான் எங்கே உக்காரட்டும்?" என்றாள். அவன் தன் பாயை நகர்த்தவில்லை. கூடத்துக் காவலன் அவளுக்குப் பின்னே கதவைச் சாத்திப் பூட்டினான்.