காயத்தோடு ஏறியவர்

வைகாசி 1, வெள்ளி

கச்சான் காற்று. வாவி கலங்கல். தொண்டையில் கத்தி பட்டு ஏழாம் நாள். இன்னும் மூன்று நாள் வாய் திறவாமை. முணுமுணுப்பும் கூடாதென மருத்துவர் ஆணை. குரல்நாணில் வெட்டிய கட்டி ஆய்வுக்குப் போயிருக்கிறது. விடை திங்களன்று.

ஞாயிறு, ஆண்டவரின் விண்ணேற்ற விழா. உயிர்ப்பு விழா முதல் எரியும் பாஸ்கா மெழுகுதிரியைத் திருப்பலி முடிவில் அணைப்பதும், அதன்பின் ஊரார் ஒருவர் உரையாற்றுவதும் நம் கோயில் வழக்கம். இருபத்தாறு ஆண்டுகளாக அவ்வுரை என்னுடையது. கூரை அதிரும். இம்முறை பதினொரு பக்கம் எழுதியாயிற்று. 'வாகை சூடிய வேந்தன் வான்புகுந்தான்' எனத் தொடக்கம்.

படிப்பவர் யார்?
தலைமையாசிரியர்: கொழும்பில்.
பாடற்குழுத் தலைவர்: மூக்கால் படிப்பார்.
எஞ்சியவள் தங்கை மேரி. வாவிக்கரையில் மீன் விற்பவள்.

வைகாசி 2, சனி

ஒத்திகை. மேரி சந்தையிலிருந்து நேரே வந்தாள். முதற்பக்கத்திலேயே மீன் செதில்.

"அண்ணன், என்னத்துக்கு இவ்வளவு முரசு? இத நான் சொன்னா நம்மட சனம் என்ன மேலயும் கீழயும் பாக்கும்."

சிலேட்டில் எழுதினேன்: உள்ளபடி படி! மும்முறை அடிக்கோடு.

"ஓம், படிக்கிறன். பாவம், கோவத்தையும் எழுதித்தான் காட்டவேண்டிக் கிடக்கு."

சினம். பின் சிரிப்பு. சிரிப்பிலும் ஒலி இல்லை.

இறால் சொதி வைத்துவிட்டுப் போனாள். நன்று.

உரை நிகழவேண்டுமென்பதா என் கவலை? என் உரை நிகழவேண்டுமென்பதே. குரல் போனால் நான் யார்?

வைகாசி 3, ஞாயிறு

திரி அணைந்தது. புகை எழ, ஆண்டுதோறும் போல ஊரே அண்ணாந்து பார்த்தது. நானுந்தான். மேரி மேடையேறினாள். என் பதினொரு பக்கத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"மேல என்னத்தப் பாக்கிறீங்க? ஃபேன்தான் கிடக்கு. அதுவும் சுத்தல்ல."

சிரிப்பலை. தன் கையைத் தூக்கிக் காட்டினாள். கத்தியும் மீன்முள்ளும் கீறிய கை.

"அண்ணன் எழுதித் தந்தவர். வடிவாத்தான் கிடக்கு, எனக்குத்தான் நாக்குப் பிரளல்ல. ஒண்டு மட்டும் சொல்லுறன். ஆண்டவர் ஆணிக் காயத்தோடதான் மேல போனவர். ஆறட்டும், மறுகா போவம் எண்டு நிக்கல்ல. அந்தக் கை இப்ப கடவுளுக்குப் பக்கத்தில கிடக்கு. அப்ப நம்மட கையையும் அங்க ஆரும் ஊத்தை எண்டு தள்ளமாட்டாங்க. அவ்வளவுதான். போய் வேலயப் பாருங்க."

பின்வரிசையில் ஒருவர்: "முடிஞ்சிதா?"

"ஓம்கா. அண்ணன் எண்டா இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கும்."

கைதட்டல் இல்லை. வலைத்தொழிலாளர் சிலர் தம் உள்ளங்கைகளையே பார்த்தபடி.

இத்தனை ஆண்டும் ஆண்டவரை வேந்தனாகவே ஏற்றியனுப்பினேன். வந்தபோது உடுத்த நம் ஊனுடலைப் போனபோது அவர் கழற்றி எறியவில்லை. தழும்போடு தந்தையின் வலப்புறம் சேர்த்தார். இனி அங்கே மனிதருக்கு இடமுண்டு. விண்ணேற்றத்தின் பொருள் இதுவே. என் பதினொரு பக்கத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

நன்றி ஆண்டவரே. மேரிக்காக. என் வாய்ப்பூட்டுக்காக. சுழலாத மின்விசிறிக்காக.

வைகாசி 4, திங்கள்

கடும் வெயில். மருத்துவமனை, வரிசையில் ஐந்தாவது ஆள். கட்டி தீங்கற்றது. நன்றி, நன்றி. குரல் வரும், நாணில் தழும்பு நிற்கும், பழைய முழக்கம் இனி இல்லை என்றார் மருத்துவர். பேசலாம் என்றும்.

வாயிலில் மேரி, மீன்கூடையோடு.

"என்னவாம் அண்ணன்?"

பத்து நாளில் முதற்பேச்சு. கரகரத்தது.

"தழும்பு இருக்குமாம்."

என் முகத்தையே பார்த்தாள்.

"இருக்கட்டும். ஆட்டோவில ஏறுங்க, மீன் பழுதாகப் போகுது."