தலைகீழாய்க் கட்டிய கொடி

மெல்பேண்,
நவம்பர் 11

அன்பின் பிறின்சிக்கு,

மடுமாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உமது முதுகு நோ குறைந்ததா? மாமியின் இருமல் எப்படி?

நான் பராமரிக்கும் போலந்துக்காரர் ததேயுஷ் ஐயா ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து பேசவுமில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இனிப் பயமில்லை. அவர் போலந்தில் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தவர், தன் நாட்டின் சரித்திரமும் எழுதியவர். அதில் ஒரு அத்தியாயத்தை நீக்கச் சொன்னார்களாம். உத்தியோகத்தை விட்டார், நாட்டையும் விட்டார், அதை மட்டும் நீக்கவில்லை.

இன்று அவர்களுடைய சுதந்திர தினம். அவருடைய மகள் பார்பரா தந்த கொடியை யன்னலில் கட்டினேன், சிவப்பு மேலே, வெள்ளை கீழே. கட்டிலிலிருந்து ஒரே சத்தம்.

"அது இந்தோனேசியாக் கொடியடா! வெள்ளைதான் மேல வரவேணும்!"

பார்பரா அழுதுகொண்டே சிரித்தார். மாற்றிக் கட்டியதும் ஐயா சூப் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு, "உனக்கு ஏன் அந்தக் கொடி கையில வந்தது?" என்றார்.

"இங்க வாறதுக்கு இந்தோனேசியாவில படகுக்குக் காத்திருந்த நாளெல்லாம் கண்ணுக்கு முன்னால அதுதானே பறந்தது ஐயா," என்றேன். என் கையைப் பிடித்தபடி இருந்தார்.

யாராவது வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். சின்னவளின் குரலைப் பதிந்து அனுப்பும், சும்மா ஏதாவது கதைக்கட்டும்.

ஐயா கூப்பிடுகிறார், பேனாவை வைக்கிறேன். எப்போது வீட்டுக்குப் போவாய் என்று அவரும் கேட்டார். உமக்குச் சொல்வதையே சொன்னேன், கெதியில், வெகு சீக்கிரம் என்று. அவர் சரித்திரம் எழுதியவர், லேசில் நம்பமாட்டார். நீராவது நம்பும்.

உமது,
றெக்சன்