அப்பா ஒட்டிய சீல்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், கேமராவும் இப்போது சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலை காயாமல் வெளியே போகாமல் சுகமாக இருக்க வேண்டும். கேமராவை ஏன் இந்தக் கணக்கில் சேர்த்தேன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன் செய்யும்போதெல்லாம், கேமரா அனுப்பி இத்தனை நாளாச்சே, ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ அனுப்ப மாட்டீங்களா என்று கேட்பாய், நானும் வருது வருது என்று மழுப்பிக்கொண்டே இருந்தேன். வீடியோவில் பார்க்கலாம் என்றாலோ உன் அப்பா போனைக் காதோடு ஒட்டிக்கொண்டுதான் பேசுவார், உனக்கு அவர் காது மட்டும்தான் தெரியும், எனக்கோ வீடியோவைப் போடவே வராது. எங்களை நேரில் பார்த்து மூன்று வருஷமாகிவிட்ட பிள்ளை ஆசையாகக் கேட்டது ஒரு போட்டோ, அதைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு மனசே கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேமராவில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்தால் தேய்ந்துவிடுமாம். ஆனால் பராமரிப்பு மட்டும் அமர்க்களம். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னாய், செருப்புக் கடை செருப்புக் கடையாகப் போய்ப் பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வந்து, என்னுடைய பெரிய பிளாஸ்டிக் டப்பாவைப் பிடுங்கிக் கேமராவை அதற்குள் குடிவைத்தார். தினமும் காலையில் வெளியே எடுப்பார், ரப்பர் பந்தை அமுக்கித் தூசி ஊதுவார், லென்ஸ் துணியால் துடைப்பார், திரும்பப் படுக்கப்போட்டு மூடுவார். ஒருநாள் அவசரத்துக்கு அந்தத் துணியில் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டேன், ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் போகட்டும். பணிக்காலம் முழுக்கக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து சீல் வைத்த மனுஷர் அல்லவா, கை சும்மா இருக்குமா. கேமராவின் அடிப்பக்கம் ஒரு திருகின் மேல் கம்பெனிக்காரன் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், அது கிழிந்தால் வாரண்டி போச்சு என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. அந்த ஸ்டிக்கருக்குப் பாதுகாப்பாக அதன் மேலேயே ஒரு காகிதப் பட்டையைப் பசை போட்டு ஒட்டி, பேட்டரி மூடிவரைக்கும் இழுத்துவிட்டு, குறுக்கே பச்சை மையில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சீலுக்கு சீல் வைத்த ஆள் உலகத்திலேயே உன் அப்பா ஒருவர்தான். பேட்டரி உள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தது. போன மாதம் நான் சண்டை போட்டு, இன்னைக்கு ரெண்டு பேரும் போட்டோ எடுத்தே ஆகணும் என்று நின்றபோது பொத்தானை அமுக்கினால் உயிரே இல்லை. வாரண்டியோ அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் திட்டக்கூட மனசு வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள், உன் வயசுதான் இருக்கும். கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் வச்ச சீல் என்று கேட்டாள். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, என்னோடதுதான், இந்தக் கையெழுத்தைப் பார்த்தா கடைத்தெருவே நடுங்கும் என்றார். அவள் நடுங்கவில்லை. எங்க சீல் மேல வேற சீல் இருந்தா யாரோ பிரிச்சு மறைச்சிருக்காங்கன்னுதான் சார் எடுத்துக்குவோம், வாரண்டி கிடைக்காது என்றாள். உடனே இவர், தெரியாம நடந்துபோச்சும்மா, இந்த ஒருவாட்டி பார்த்துப் பண்ணுங்க என்று கெஞ்சினாரே பார்க்கலாம். அத்தனை வருஷமாக எத்தனை கடைக்காரர்கள் இவரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள், ஒருத்தருக்காவது இரங்கியிருக்கிறாரா. நான் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் அவள், மேல இருக்கிறதை நீங்களே எடுங்க, கீழ எங்க ஸ்டிக்கர் முழுசா இருந்தா இலவசமா செய்யறோம், கிழிஞ்சா நான் பொறுப்பில்லை என்றாள். இவருக்கோ தன் சீலைத் தானே கிழிப்பதா என்று ரோஷம். நான் பிடுங்கிக்கொண்டேன். ஜாம் பாட்டில் லேபிளை உரித்து உரித்தே கை பழகியவள் நான். கைக்குட்டை நுனியைத் துளி ஈரமாக்கி, ஒற்றி ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருட்டினேன், அவர் கையெழுத்து முழுசாகச் சுருண்டு வந்தது, கீழே கம்பெனி ஸ்டிக்கர் ஒரு கீறலில்லாமல் இருந்தது. உள்ளே பேட்டரி உப்பிப் போய் மூடியை அடைத்திருந்ததாம். மூடியும் உள்வேலையும் இலவசம், பேட்டரி மட்டும் நம் செலவு.

நேற்று கேமராவைத் திரும்ப வாங்கப் போனோம். ஒரு படம் எடுத்து சரிபாருங்க சார் என்று அந்தப் பெண் சொல்ல, இவர் கேமராவை என் பக்கம் திருப்பினார், அமுக்குவதற்கு முன்னால் லென்ஸை இன்னொருமுறை துடைத்ததைப் பார்த்து நான் மறுபடி சிரித்துவிட்டேன். அந்தப் படம்தான் இதோடு இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது, கடைவாய்ப் பல் ஒன்று போனது தெரிகிறது. தலை முழுக்க நரைத்ததை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், அதுவும் தெரிகிறது. பார்த்துவிட்டு அழாதே, உன் அப்பாவைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள். அவரை நானும் ஒன்று எடுத்தேன், என் கட்டைவிரல்தான் முன்னால் நிற்கிறது.

நீ நன்றாக இருப்பாய், நினைத்ததெல்லாம் நடக்கும், எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. உன் கேமராவிலும் பேட்டரியைக் கழற்றி வை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ கேட்டது ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம். அவர் எடுத்தால் நான் மட்டும் இருக்கிறேன், நான் எடுத்தால் அவர் மட்டும் இருக்கிறார். மேஜை மேல் வைத்துவிட்டு ஓடிவந்து நிற்கலாம் என்று அந்தப் பெண் சொன்னதற்கு, கேமராவைத் தனியா விட்டுட்டு வரவா என்று அவளிடமே சண்டைக்குப் போய்விட்டார். வெளியாள் கையில் கொடுக்கவும் மாட்டாராம். வேறு யார் கையில்தான் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு உன் பெயரைச் சொன்னார். லீவு கேள், குட்டி.

இப்படிக்கு,
படத்தில் தனியாக நிற்கும் உன் அம்மா